நாலு சக்கர வீடும் ரெண்டு பூனையும்

வண்டி வந்துருச்சு மக்களே!

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலைல, வெள்ளை வெளேர்னு, வாசலையே அடைச்சுக்கிட்டு வந்து நின்னுச்சு எங்க மோட்டார்ஹோம். உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ், அலமாரி சைஸ்ல ஒரு குளியலறை, எல்லாம் உண்டு. பசங்க ரெண்டு பேரும் வேலைன்னு வெளியூர் போயாச்சு. நானும் ரிட்டயர் ஆயாச்சு. ரெடிங்ல இருக்கற வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டுட்டு, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துன்னு சுத்தறதா நானும் தங்கமணியும் முடிவு பண்ணிட்டோம்.

நாங்க ரெண்டு பேர் மட்டும்னா பிரச்சினையே இல்ல. கூட அப்புவும் மிளகும் இருக்காங்களே. அப்பு, ஆரஞ்சு வரி போட்ட பத்து வயசுப் பெரியவர். மிளகு, நாலு வயசுக் கருப்பி. விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினாங்க. "நாய்னா சரி. பூனையா? பூனை வீட்டைத்தான் பிடிச்சுக்கும், ஆளைப் பிடிக்காது. வழில எங்கயாவது தொலைஞ்சு போயிரும்."

இந்த வசனம் எனக்குப் புதுசு இல்ல. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

1978. எனக்கு 11 வயசு. அப்பாவுக்குக் கும்பகோணத்துல இருந்து ஈரோட்டுக்கு மாற்றல். பீரோ, அம்மி, ஆட்டுக்கல், துளசி மாடம்னு எல்லாம் லாரில ஏறிருச்சு. மணி மட்டும் ஏறல. மணி எங்க பூனை. நான் அழுதுக்கிட்டு நின்னப்ப அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "பூனை வீட்டோடதான்டா இருக்கும். ஆளோட வராது. புதுசா குடி வர்றவங்க பாத்துப்பாங்க." ரெண்டு வாரம் கழிச்சுப் பக்கத்து வீட்டு மாமி இன்லேண்டு லெட்டர் போட்டிருந்தாங்க. கடைசி வரில, உங்க பூனை உள்ளே போகாம வாசப்படியிலயே தெருவைப் பாத்து உக்காந்திருக்குன்னு. அதுக்கப்புறம் மணியப் பத்தி எந்தச் சேதியும் இல்ல.

வீட்டைத்தான் பிடிக்கும்னா, வீடு அங்கயேதானே இருந்துச்சு? அப்புறம் ஏன் தெருவைப் பாத்து உக்காரணும்? அந்தக் கேள்விக்கு அப்ப எனக்குப் பதில் கிடைக்கல. இப்ப வண்டி வாங்கப் போன சாக்குல, சக்கரம் வெச்ச வீட்டோட சரித்திரத்தைக் கொஞ்சம் தோண்டினேன். கிடைச்சதை எல்லாம் உங்ககிட்டயும் கொட்டிடறேன்.

பூனைக்காரர் கட்டின வண்டி

ரெடிங்ல இருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ட்வைஃபோர்டுன்னு ஒரு ஊர். அங்க கார்டன் ஸ்டேபிள்ஸ்னு ஒரு டாக்டர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படைல டாக்டரா வேலை பாத்து, உடம்பு சரியில்லாம வெளிய வந்து, அப்புறம் எழுத ஆரம்பிச்சவர். பசங்களுக்கான சாகசக் கதையா எழுதித் தள்ளினார். புத்தகங்கள் நூறைத் தாண்டும்.

கடலை விட்டு வந்தவருக்குத் தரைல ஒரு கப்பல் வேணும்னு ஆசை. 1885ல பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸ் கம்பெனிகிட்டச் சொல்லி ஒரு குதிரை வண்டி செய்யச் சொன்னார். பேரு 'வாண்டரர்'. நாடோடி. வெளியே பளபளன்னு மஹோகனி மரம், உள்ளே சோஃபா, புத்தக அலமாரி, சமையலுக்கு ஒரு மூலை. ரெண்டு குதிரை இழுக்கும். எதிர்ல வண்டி வருதான்னு பாத்துச் சொல்ல, முன்னாடி ஒருத்தர் மூணு சக்கர சைக்கிள்ல போவார். அந்தக் கோடைல ட்வைஃபோர்டுல கிளம்பி ஸ்காட்லாந்துல இன்வெர்னஸ் வரைக்கும் போயிட்டார் மனுஷன். அடுத்த வருஷமே அதைப் புத்தகமாவும் போட்டுட்டார். பிழைப்புக்காக இல்லாம, சும்மா ஊர் சுத்தறதுக்குன்னே கட்டின முதல் வண்டிவீடுன்னு இங்க எல்லாரும் 'வாண்டரரை'த்தான் சொல்றாங்க. 1907ல கேரவன் கிளப் ஆரம்பிச்சப்ப இவரைத்தான் துணைத் தலைவரா வெச்சாங்க.

இனிமேதான் விஷயமே இருக்கு. இந்த ஸ்டேபிள்ஸ் சாதாரண ஆள் இல்ல, பூனை நிபுணர்! லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல ஹாரிசன் வியர்ங்கறவர் 1871 ஜூலை 13ல பெரிய பூனைக் கண்காட்சி ஒண்ணு நடத்தினார். இன்னிக்கு உலகம் பூரா நடக்கற பூனைக் கண்காட்சிக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி. அடுத்து வந்த வருஷங்கள்ல அந்த மாதிரிக் கண்காட்சிகள்ல நீதிபதியா உக்காந்தவர் நம்மாளு. 1870கள்லயே பூனைகளைப் பத்தித் தனிப் புத்தகம் எழுதினவர். அப்புறம் ஒரு பாரசீகப் பூனையோட வாழ்க்கைக் கதைன்னு ஒரு நாவலே எழுதியிருக்கார்.

சரி, இப்படிப்பட்டவர் வண்டில யாரை ஏத்திக்கிட்டுப் போனார்?

ஹரிகேன் பாப்னு ஒரு பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாயை. கூட போலின்னு ஒரு காக்கட்டூ பறவை. அவ்வளவுதான். பூனைக்கு இடம் இல்ல!

இதைப் படிச்சதும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. பூனையைக் கரைச்சுக் குடிச்ச ஆளே பூனையை ஏத்தலன்னா நான் எம்மாத்திரம்? ஊர்க்காரங்க சொன்னதுதான் சரியோ?

வண்டிக்குள்ள பூனை ஆகாது

ஸ்டேபிள்ஸுக்கு முன்னாடியே சக்கரத்துல வீடு வெச்சு வாழ்ந்தவங்க ரோமானி மக்கள். கூடாரத்துல இருந்தவங்க, 19ஆம் நூற்றாண்டு நடுவுல இருந்து அழகா வண்ணம் தீட்டின குதிரை வண்டிகளுக்கு மாறினாங்க. குதிரை உண்டு, நாய் உண்டு. பூனை கிடையாது.

காரணத்தைக் கேட்டா நம்ம ஊர்ப் பாட்டிகள் தலையாட்டுவாங்க. எச்சில், தீட்டு விவகாரம்! இங்கிலாந்து ரோமானிகளோட வழக்கப்படி உடம்பு உள்ளே சுத்தமா இருக்கணும், வெளி அழுக்கு உள்ளே போகவே கூடாது. பாத்திரம் கழுவற தொட்டில துணி துவைக்க மாட்டாங்க. பூனை என்ன பண்ணுது? மேல இருக்கற அழுக்கை எல்லாம் நக்கி முழுங்குது. அதனால அது அசுத்தமான பிராணி. நாமல்லாம் பூனையைச் சுத்தத்துக்கு உதாரணமா சொல்ற அதே காரணத்துக்காக அவங்க அதைத் தள்ளி வெச்சாங்க!

ஸ்டேபிள்ஸுக்கு அந்தத் தீட்டு எல்லாம் இல்ல. அவருக்கு வேற சிக்கல் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். அந்தக் காலத்துல பூனைக்கு ராத்திரிக் கதவைத் திறந்து விடறதுதான் வழக்கம். தோட்டத்து மண்ணுல வேலையை முடிச்சுட்டு, ஊர் சுத்திட்டு, காலைல வரும். வீட்டுல இருந்தா சரி. வண்டில? தினம் ஒரு ஊர். ராத்திரி ஒரு புது வயல்ல இறக்கி விட்டா, காலைல குதிரை பூட்டற நேரத்துக்குத் திரும்பி வருமா? நாயைக் கூப்பிட்டா ஓடி வந்துரும். பூனை வர்றதுக்கு ஒரு காரணம் வேணும் :-)

பணக்காரங்களும் தகர டப்பாக்காரங்களும்

குதிரை போய் மோட்டார் வந்துச்சு. 1910ல அமெரிக்காவுல பியர்ஸ் ஆரோ கம்பெனி 'டூரிங் லாண்டோ'ன்னு ஒரு காரைக் காட்சிக்கு வெச்சாங்க. பின் சீட்டு மடங்கிக் கட்டிலாகும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால சிங்க் மடங்கி இறங்கும். டிரைவரோட பேச டெலிஃபோன் உண்டு. அவசரத்துக்கு ஒரு கழிப்பறைச் சட்டி கூட உண்டு. மனுஷனுக்குத்தான்! 1919ல ஃப்ளோரிடாவுல டாம்பா ஊர்ப் பூங்கா ஒண்ணுல ஃபோர்டு கார், கூடாரம், டப்பா உணவுன்னு வந்து தங்கின சாதாரண ஜனங்க சேர்ந்து ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. பேரு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. தகர டப்பாப் பயணிகள்! 1951ல ஜெர்மனில வெஸ்ட்ஃபாலியா கம்பெனி ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள்ள கட்டில், மேசை வெச்சுக் குடுத்துச்சு. 1966ல அயோவாவுல வின்னபேகோ கம்பெனி தொழிற்சாலைல வரிசையா மோட்டார்ஹோம் செஞ்சு இறக்க ஆரம்பிச்சதும் விலை இறங்கி, நடுத்தரக் குடும்பங்களும் வாங்க ஆரம்பிச்சாங்க.

இந்தக் கதைல எல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மூஞ்சி யாரோடதுன்னு நினைக்கறீங்க? நாயோடதுதான். 1960ல ஜான் ஸ்டைன்பெக் ஒரு டிரக் மேல வீடு கட்டிக்கிட்டு அமெரிக்காவைச் சுத்தினாரே, அந்தப் பயணத்துல கூடப் போன சார்லியும் நாய்தான்.

முல்தானி மிட்டி செஞ்ச புரட்சி

பூனைக்கு விடிவு வந்தது மோட்டார் கம்பெனில இருந்து இல்ல. மண்ணுல இருந்து.

1947 ஜனவரி. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், கசோபோலிஸ்னு சின்ன ஊர். எட் லோங்கற இளைஞர் அப்பாவோட கம்பெனில மரத்தூள், எண்ணெயை உறிஞ்சற களிமண் குருணை எல்லாம் வித்துக்கிட்டிருந்தார். நல்ல குளிர். பக்கத்து வீட்டு அம்மா வந்து, "வெளிய மணல் எல்லாம் உறைஞ்சு போச்சு. பூனைக்குக் கொஞ்சம் மணல் குடேன்"னு கேட்டாங்க. இவர் மணலுக்குப் பதிலா ஒரு பை களிமண் குருணையைக் குடுத்தார். நாத்தமே இல்லன்னு அந்தம்மா திரும்பவும் வந்து கேட்டாங்க. இவர் அஞ்சு பவுண்டு பைல போட்டு 'கிட்டி லிட்டர்'னு கையால எழுதிக் கடைக்குக் கொண்டு போனார். விலை 65 சென்ட். கடைக்காரர் சிரிச்சார். மணல் சல்லிசாக் கிடைக்கறப்ப யாரு இதைக் காசு குடுத்து வாங்குவா? "அப்ப சும்மாவே குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டார் லோ. சும்மா வாங்கிட்டுப் போனவங்க காசு குடுத்து வாங்கத் திரும்பி வந்தாங்க. மீதி எல்லாம் கோடிக் கணக்கு.

அந்தக் களிமண் எதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. நம்ம பெண்கள் மூஞ்சில அப்பிக்கறாங்களே, முல்தானி மிட்டி, அதே வகைதான்! அப்புறம் 1980கள்ல பென்டோனைட் களிமண் வந்துச்சு. ஈரம் பட்டதும் கட்டியாயிரும், அள்ளிப் போட்டா முடிஞ்சுது.

பூனையை ராத்திரி வெளிய விடணும்ங்கற கட்டாயத்தை உடைச்சது இந்த மண்தட்டுதான். அடுக்கு மாடி வீட்டுக்குள்ள பூனை வந்தது இதனாலதான். மோட்டார்ஹோமுக்குள்ள வந்ததும் இதனாலதான். ஸ்டேபிள்ஸ்கிட்ட எல்லாமே இருந்துச்சு. ஒரு தட்டு முல்தானி மிட்டி மட்டும் இல்ல.

டிரிம் சொன்ன சாட்சி

சரி, கழிப்பறைப் பிரச்சினை தீர்ந்துச்சு. "வீட்டைத்தான் பிடிக்கும்"ங்கற குற்றச்சாட்டு? அதுக்குக் கடல்ல ஒரு சாட்சி இருக்கார். பேரு டிரிம்.

ஆஸ்திரேலியாவைச் சுத்தி வந்து வரைபடம் போட்ட மாத்யூ ஃப்ளிண்டர்ஸோட பூனை. 1799ல 'ரிலையன்ஸ்' கப்பல்லயே பிறந்தவர். குட்டியா இருக்கறப்பவே கடல்ல விழுந்து, நீந்தி, கயித்தைப் பிடிச்சு ஏறி வந்தவர். 1801ல இருந்து 1803 வரைக்கும் 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பல்ல ஃப்ளிண்டர்ஸோட ஆஸ்திரேலியாவையே வலம் வந்தார். 1803ல 'போர்பாய்ஸ்' கப்பல் பவளப்பாறைல மோதி உடைஞ்சப்பவும் பிழைச்சுக்கிட்டார். இத்தனைக்கும் தொலையாத பூனை எங்க தொலைஞ்சார் தெரியுமா? தரைல! இங்கிலாந்துக்குத் திரும்பற வழில மொரீஷியஸ்ல ஃப்ளிண்டர்ஸைப் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு வெச்சப்ப, 1804ல டிரிம் காணாமப் போயிட்டார். ஃப்ளிண்டர்ஸ் அந்தச் சிறைவாசத்துலயே அவருக்கு ஓர் அஞ்சலி எழுதினார். சிட்னில மிட்செல் நூலக ஜன்னல் மாடத்துல டிரிமுக்கு வெண்கலச் சிலை இருக்கு, 1996ல வெச்சது.

டிரிம் கதைல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பூனைக்கு இடம் முக்கியம்ங்கறது நிஜம். ஆனா அந்த இடம் ஒரே ஊர்ல ஆணி அடிச்ச மாதிரி நிக்கணும்னு கட்டாயம் இல்ல. கப்பல் நகர்ந்துக்கிட்டே இருந்தாலும் மூலை முடுக்கு அதேதான், வாசனை அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

வாசனைன்னு சும்மா சொல்லல. பூனை கன்னத்தைக் கதவுலயும் நாற்காலிலயும் நம்ம கால்லயும் தேய்க்குதே, அது கொஞ்சல் மட்டும் இல்ல. கன்னத்துச் சுரப்பில இருந்து "இது என் இடம்"னு முத்திரை குத்துது. பிரெஞ்சுக் கால்நடை டாக்டர் பாட்ரிக் பஜா 1990கள்ல இதை ஆராய்ஞ்சு சொல்ல, அதைச் செயற்கையாச் செஞ்சு இப்பக் கடைல விக்கறாங்க. மணி ஏன் உள்ளே போகலன்னு இப்ப எனக்குக் கொஞ்சம் புரியுது. சுவர் இருந்துச்சு, கதவு இருந்துச்சு. ஆனா அது கன்னம் தேய்ச்ச நாற்காலி, பாய், பீரோ, எங்க கால் எல்லாம் லாரில ஈரோட்டுக்குப் போயிருச்சே.

நாங்க செஞ்சது

அதனால இந்தத் தடவை அவசரப்படல. வண்டி மூணு வாரம் வாசல்லயே நின்னுச்சு. முதல்ல அவங்க படுக்கற பழைய போர்வையைத் துவைக்காம அப்படியே கொண்டு போய் உள்ளே விரிச்சோம். "புது வண்டில இந்த அழுக்கா?"ன்னு தங்கமணி மூஞ்சியைச் சுளிச்சாங்க. அப்புறம் சாப்பாட்டுத் தட்டு உள்ளே போச்சு. அப்புறம் மண்தட்டு. இஞ்சின் போடறது கடைசி வாரத்துலதான், அதுவும் ரெண்டு நிமிஷம். அப்புறம் தெருமுனை வரைக்கும். அப்புறம் ட்வைஃபோர்டு வரைக்கும்.

ஓடற வண்டில பூனை சும்மா உலாத்தக் கூடாது. இங்க சாலை விதி 57வது சொல்றபடி பிராணிகளைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கணும். அதனால ரெண்டு பேருக்கும் தனித் தனிக் கூண்டு, அது நகராம பெல்ட். 2024 ஜூன்ல இருந்து இங்கிலாந்துல பூனைக்குச் சிப் போடறது சட்டப்படி கட்டாயம். எங்க ரெண்டு பேருக்கும் முன்னமே இருக்கு. ஆனா ஊர் ஊராச் சுத்தறப்ப வீட்டு விலாசத்தை வெச்சு என்ன பண்றது? மொபைல் நம்பரைச் சரி பண்ணிக்கிட்டோம். எடை வேற! எங்க வண்டிக்கு மொத்தமா 3,500 கிலோதான் அளவு. களிமண் மூட்டை கனம் ஜாஸ்தின்னு மரக் குருணைக்கு மாறியாச்சு.

முதல் ராத்திரி வண்டிலயே தூங்கிப் பாத்தோம். நடு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா மிளகைக் காணோம். கதவு பூட்டின மாதிரியேதான் இருக்கு. கட்டிலுக்கு அடில இல்ல, அலமாரில இல்ல. இருக்கறதே நாலு எட்டு இடம், அதுல எங்க போவா? டார்ச்சை எடுத்துக்கிட்டு வெளிய ஓடி, நைட் டிரஸ்ஸோட தெருவுல நின்னு கூப்பிட்டேன். வாசப்படில உக்காந்திருந்த மணிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. கை நடுங்கிருச்சு. அரை மணி நேரம் கழிச்சுத் தங்கமணி கூப்பிட்டாங்க. சிங்க் கீழ டிராயருக்குப் பின்னால, குழாய் போற சந்துல சுருண்டு, ரெண்டு கண்ணு மட்டும் மின்னிக்கிட்டிருந்துச்சு. மறுநாளே பலகை வெட்டி எல்லாச் சந்தையும் அடைச்சேன். பூனையோட வண்டி வாங்கறவங்க இதைத்தான் முதல்ல செய்யணும், எழுதி வெச்சுக்குங்க.

போன வாரம் ரெண்டு பேரையும் கூண்டோட தூக்கிட்டு வர்றப்ப, வண்டிப் படிக்கிட்ட வெச்சு அப்புவைத் திறந்து விட்டேன். வீட்டுக் கதவும் திறந்திருந்துச்சு, வண்டிக் கதவும் திறந்திருந்துச்சு. ரெண்டையும் பாத்தார். வண்டில ஏறி, படிக்கட்டு ஓரத்துல கன்னத்தை ஒரு தேய் தேய்ச்சுட்டு உள்ளே போயிட்டார். சாப்பாட்டுத் தட்டு உள்ளே இருந்துச்சுங்கறதையும் நான் சொல்லிடணும் :-)

அப்பாவுக்கு இப்ப 86. ஈரோட்டுல தங்கச்சி வீட்டுல இருக்கார். நேத்து வீடியோ கால்ல வண்டியைச் சுத்திக் காமிச்சேன். மேசை மேல மிளகு தூங்கிக்கிட்டிருந்தா. கொஞ்ச நேரம் அவளையே பாத்துக்கிட்டிருந்தார்.

"மணியையும் ஏத்தியிருக்கலாம்டா. லாரில இடம் இருந்துச்சு"ன்னார்.

நாளைக்குக் காலைல கிளம்பறோம் மக்களே. முதல் நிறுத்தம் ட்வைஃபோர்டு. பூனைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு, அவர் போன மாதிரியே வடக்கு பாத்துப் போறோம்.